ஏறாத குதிரை

நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘குதிரை’ என்று தலைப்புக் கொடுத்துப் பத்து வசனம் எழுதச் சொன்னால், அதிலே ஒரு வசனம் எல்லாக் கொப்பியிலும் ஒன்றாகவே இருக்கும்: குதிரை மனிதருக்குச் சவாரி செய்யப் பயன்படுகிறது. பசு என்றால் பால் தரும். ஆடு என்றால் இறைச்சி தரும். பூனை எலி பிடிக்கும். மயில் என்று கொடுத்தால்தான் பிள்ளை பென்சிலைக் கடிக்கத் தொடங்கும். ‘மயில் பார்க்க அழகாக இருக்கும்’ என்று எழுதிவிட்டு, இது பயன் என்ற பகுதிக்குள் அடங்குமா அடங்காதா என்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும்.

பிள்ளைகள் மீது குற்றமில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டகமே அதுதான்: தோற்றம், உணவு, வாழிடம், பயன்கள், முடிவுரை. இருபது வருடமாக அதே சட்டகத்தைக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். உலகத்திலுள்ள ஒவ்வொன்றும் யாருக்கோ எதற்கோ பயன்பட்டே ஆகவேண்டும் என்பதை இப்படித்தான் சின்ன வயதிலேயே ஊட்டிவிடுகிறோம். பிள்ளை வளர்ந்து பெரியவனாகிய பிறகும் அயலவனின் முற்றத்தில் நிற்கும் ஒன்றைப் பார்த்ததும் அவன் வாயில் முதலில் வருகிற கேள்வி ‘இது எதுக்கு?’ என்பதே.

குதிரையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒருவர் குதிரை ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். தீனி போடுகிறார், குளிப்பாட்டுகிறார், மாலையில் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார், பக்கத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்படுகிறார். ஏறுவதில்லை. அவர் செய்வது வீண்விரயமா? அல்லாஹ் தந்த நிஃமத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நன்றிகேடா? அல்லது அதுவும் ஓர் அனுபவிப்புத்தானா? உடைமை என்று ஒன்று கையில் வந்துவிட்டால் அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்ற கடமையும் கூடவே வந்துவிடுகிறதா?

நமக்கு இந்த விஷயத்தில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ஸூறத்துந் நஹ்லின் தொடக்கப் பகுதி. அங்கே கால்நடைகளைப் பற்றிப் பேசும் ஐந்தாவது ஆயத்து கதகதப்பையும் பயன்களையும் உணவையும் சொல்கிறது. ஏழாவது ஆயத்து சுமை சுமப்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆறாவது ஆயத்து நிற்கிறது. மாலையில் அவற்றை ஓட்டிவரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு விடும்போதும் அவற்றில் உங்களுக்கு அழகு இருக்கிறது என்பது அதன் கருத்து. பாலுக்கும் பாரத்துக்கும் இடையில் அழகுக்கென்று தனியாக ஓர் ஆயத்து. அதிலும் காலைக்கு முன் மாலை சொல்லப்படுகிறது. வயிறு நிறைந்து, மடி கனத்துத் திரும்பும் வேளையில் பார்ப்பவர் கண்ணுக்கு அழகு கூடுதல் என்று முஃபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கிண்ணியாப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ மஃரிபுக்குச் சற்று முன் எருமைப் பட்டி திரும்புவதைப் பார்த்தவருக்கு அந்த விளக்கத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அடுத்ததாக, எட்டாவது ஆயத்திலே குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையும் வருகின்றன. நீங்கள் ஏறுவதற்காக, அலங்காரமாக, என்று இரண்டு நோக்கங்கள் அங்கே சொல்லப்படுகின்றன. ‘ஸீனத்’ என்ற சொல் தனியாகவே நிற்கிறது. ஏறினால் மட்டுமே அலங்காரம் என்று அதற்கு நிபந்தனை எதுவுமில்லை. (இந்த ஆயத்தை வைத்தே குதிரை இறைச்சி பற்றியும் பழைய விவாதம் ஒன்று உண்டு. ஏறுதலும் அலங்காரமும் சொல்லப்பட்டு உண்ணுதல் சொல்லப்படாததால் இமாம் அபூ ஹனீபா அதை வெறுத்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் அது ஹலால். நபிகளார் காலத்தில் குதிரை ஒன்றை அறுத்துச் சாப்பிட்டோம் என்று அஸ்மா பின்த் அபூபக்கர் (றழி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. மத்ஹபில் ஹலாலாக இருந்தும் நம் பக்கத்தில் ஒருவர் குதிரை இறைச்சி தேடிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அனுமதிக்கப்பட்டதையெல்லாம் மனிதன் செய்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.)

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வீதியில் போகும் வழியில் ஒரு காக்கா முன்னொரு காலம் பெட்டைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். வெளிநாட்டில் பல வருடம் உழைத்துத் திரும்பியவர். மலையகத்தில் சுற்றுலாக்காரரைச் சுமந்து சுமந்து வயதாகிப்போன குதிரை அது, விலையும் அதிகமில்லை என்று சொன்னார். தென்னைகளுக்கு நடுவே கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். விடியற்காலையிலும் அஸருக்குப் பிறகும் கடற்கரை ஓரமாக அதை நடத்திக்கொண்டு போவார். குதிரை முன்னே, அவர் பின்னே. பார்க்கிற சனம் எல்லாம் ஒரே கேள்வி.

“ஏறி ஓடாம என்னத்துக்குக் காக்கா இந்தக் குதிர?”

முதலில் அவர் காரணங்கள் சொன்னார். சேணம் இன்னும் வந்து சேரவில்லை. நாரி நோவு. டொக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாசம் பழகப்போகிறேன். ஒவ்வொரு காரணமும் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். பிறகு அதுவும் பழசாகிவிடும். ஊர் விடவில்லை. பெருநாளுக்கு வந்த மச்சான்மார் கூட்டாகச் சேர்ந்து அவரைப் பிடித்து ஏற்றப் பார்த்தார்கள். ஒருநாள் பள்ளிவாசல் வாசலில் நானே கேட்டுவிட்டேன். மற்றவர்கள் போகும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்: “சேர், எனக்கு ஏற ஆசயில்ல. அது புல்லுத் தின்ற சத்தம் கேக்கத்தான் ஆச. அத ஊருக்குச் சொல்ல வெக்கமா இரிக்கி.”

அந்த வெட்கம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. ஹராமான ஒன்றை அவர் செய்யவில்லை. யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. மிருகத்தை வதைக்கவில்லை. ஆனாலும் தன் சந்தோஷத்துக்கு வைத்தியரின் பெயரில் பொய்ச் சாட்சி தேடவேண்டியிருந்தது. ஏறுகிறவனிடம் யாரும் ஏன் ஏறுகிறாய் என்று கேட்பதில்லை. ஏறாதவன் மட்டும் காரணம் சொல்லவேண்டும். நூலகம் போலப் புத்தகம் வாங்கி அடுக்கியிருப்பவரிடம் “எல்லாத்தையும் வாசிச்சிட்டீங்களா?” என்று கேட்பதும் இந்த வகைதான். எழுத்தாளர்கள் வாசிக்கும் ஏடு என்பதால் இந்த உதாரணம் சட்டென்று விளங்கும்.

மார்க்கத்தைப் பேசுபவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடக்கூடும். நபி (ஸல்) அவர்கள் குதிரை ஏறினார்களே, மதீனாவில் ஓரிரவு சத்தம் கேட்டுச் சனங்கள் பயந்தபோது அபூ தல்ஹா (றழி) அவர்களின் சேணமில்லாத குதிரையில் தனியே முந்திப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களே என்பார்கள். உண்மை. அதைவிட வலுவான ஆதாரம் ஒன்றும் இருக்கிறது. குர்பானி ஒட்டகம் ஒன்றை ஓட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு மனிதரைக் கண்டு, அதில் ஏறும் என்று நபிகளார் சொன்னார்கள். இது குர்பானிக்குரியது என்று அவர் தயங்கினார். மறுபடியும் சொன்னார்கள், கடிந்தும் சொன்னார்கள். ஏறாமல் நடந்தவரை ஏறச்சொல்லி வற்புறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான ஹதீஸ் இல்லை.

ஆனால் அந்த மனிதர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நடந்து களைத்துப்போயிருந்தார் என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. அவருக்கு ஏறவேண்டிய தேவை இருந்தது. தடுத்தது, அந்த மிருகத்தில் ஏறுவது பாவமாகிவிடும் என்ற எண்ணம். அரேபியரிடம் இந்த எண்ணம் பழையது. பத்துக் குட்டிகளுக்குத் தகப்பனாகிய ஆண் ஒட்டகத்தை ‘ஹாம்’ என்று பெயர்சொல்லி விட்டுவிடுவார்கள். அதன் முதுகு காக்கப்பட்டுவிட்டது, இனி யாரும் ஏறக்கூடாது, சுமை ஏற்றக்கூடாது. பஹீரா, ஸாயிபா, வஸீலா என்று இன்னும் மூன்று வகைகள். ஸூறத்துல் மாயிதாவின் 103ஆவது ஆயத்து இந்த நான்கையும் அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என்று ஒரேயடியாக மறுத்துவிட்டது. ஏறாமையைப் புனிதமாக்கிய வழக்கம் அப்படி முடிந்தது.

ஆகவே ஏறாத குதிரைக்காரர் தன்னை இரக்கசாலி என்றும் ஏறுபவர்களைக் கொடியவர்கள் என்றும் நினைக்கத் தொடங்கினால் ஹாமின் வாசலுக்கே திரும்பிப் போகிறார். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களிடம் எனக்கு ஒத்துப்போக்கு இல்லை. நான் சொல்லவருவது அதைவிடச் சிறிய விஷயம். ஏறுவது ஆகும். ஏறாமல் இருப்பதும் ஆகும். இரண்டுக்கும் இடையிலே ஒருவன் தன் மனம் போனபடி இருப்பதற்கு ஊரிடம் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டியதில்லை.

குதிரை மூன்று வகையினருக்கு என்று தொடங்கும் ஹதீஸை நம்மில் பலர் கேட்டிருப்போம், புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவருக்கு அது நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச்சுமை. ஜிஹாதைப் பற்றிய ஹதீஸாக மட்டும் அதை வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். நற்கூலி பெறும் முதலாவது ஆளுக்கு எவையெவை நன்மையாக எழுதப்படுகின்றன என்று கணக்கெடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நீளக் கயிற்றில் கட்டிவிட்ட குதிரை புல்வெளியில் மேய்ந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஒன்றிரண்டு மேடு ஓடியது. அதன் காலடிகள். அதன் சாணம். ஆற்றோரம் போகும்போது, உடையவன் நீர் காட்ட நினைக்காமலேயே அது குடித்த தண்ணீர். அவன் இறைபாதைக்காக அதைக் கட்டிவைத்தவன் என்பது உண்மை, நிய்யத்தை மறைக்கக்கூடாது. ஆனால் கூலி எழுதப்பட்ட பட்டியலில் அவன் ஏறிய சவாரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் குதிரை தன்பாட்டில் குதிரையாக இருந்த நேரங்கள்.

இரண்டாவது ஆள், பிறரிடம் கையேந்தாமல் இருப்பதற்காக வைத்திருப்பவன். அவனுக்குரிய நிபந்தனை, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் உரிமையை மறக்காதிருத்தல். இந்த இடத்தில்தான் நமது காக்காவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. முதுகில் உள்ள உரிமை என்றால் என்ன? தாங்க முடியாத பாரம் ஏற்றாதிருத்தல் என்பது ஒரு விளக்கம். தேவையுள்ள ஒருவருக்கு ஏறக் கொடுத்தல் என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தை எடுத்தால், நான் ஏறமாட்டேன் என்று சொல்ல உடையவனுக்கு உரிமை உண்டு. நோயாளி ஒருவரை ஏற்றிப்போக வழியில்லாமல் அயலவன் வந்து நிற்கும்போது, யாரும் ஏறக்கூடாது என்று சொல்ல உரிமையில்லை. காக்காவிடம் ஒருமுறை கலியாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை ஏற குதிரையைக் கேட்டார்கள். வெடிச் சத்தம், வயதான குதிரை என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் குடும்பம் கொஞ்சக்காலம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செய்தது சரி என்பேன். மாப்பிள்ளை நடந்துபோனாலும் நிகாஹ் செல்லும்.

மூன்றாவது ஆள், பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவன். அவன் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சுமை சுமைதான். அலங்காரத்துக்கும் பகட்டுக்கும் இடையில் கோடு எங்கே என்று கேட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. உடையவனுக்கு மட்டும் ஓரளவு தெரியும்: யாரும் பார்க்காத இடத்திலும் அந்தக் குதிரையோடு அவனுக்கு இருக்கப் பிடிக்கிறதா?

ஏறவேண்டும் என்ற அவசரத்தினால் குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு நம் சொந்தச் சரித்திரத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் பெருமையோடு மட்டுமே புரட்டி நமக்குப் பழகிவிட்டது.

கடல் கடந்து வந்த குதிரைகள் தமிழுக்குப் புதியவையல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருட்களை வரிசைப்படுத்தும்போது கடல்வழி வந்த குதிரைகளையும் சேர்க்கிறது. அநுராதபுரத்தை 22 வருடம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழரும் குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்த ஒருவரின் மக்கள் என்று மகாவம்சம் கூறுகிறது. இந்த வாணிகம் உச்சத்துக்குப் போனது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலத்தில். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதி மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் வருடந்தோறும் 1,400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வைத்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் துறைமுகத்தின் சுங்கம் அவர் கையில். தமிழக முஸ்லிம்களின் பழம்பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பெயர்கள் ஒலிக்காமல் இருக்காது.

அதே வஸ்ஸாஃப் இன்னொன்றையும் சொல்கிறார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைகளுக்கும் பாண்டிய கருவூலம் விலை கொடுத்தது. கரைசேர்ந்தவற்றுக்குப் பால், நெய், வேகவைத்த தானியம் என்று குதிரையின் குடலுக்கு ஒவ்வாத தீனி கிடைத்தது. நாற்பது நாள் லாயத்தில் அசையவிடாமல் கட்டிக் கொழுக்கவைத்தார்கள். பிறகு பழக்கமும் இல்லாமல், அங்கவடியும் இல்லாமல், வீரர்கள் மேலே பாய்ந்து பிசாசுபோல விரட்டினார்கள். எத்தனை வலிய குதிரையும் சீக்கிரத்தில் சோர்ந்து ஒன்றுக்கும் உதவாததாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவின் பதிவும் இதையொட்டியே போகிறது. மன்னன் வருடத்தில் 2,000க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே, வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் அவர். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம், அவர் அப்படிப்பட்ட எழுத்தாளர்தான். ஆனால் அவர் சொல்லும் காரணம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. குதிரை வைத்தியம் தெரிந்தவர் அந்த நாட்டில் இல்லை. கொண்டுவரும் வியாபாரிகள் அப்படி ஒருவரும் அங்கே போய்ச்சேராதபடி பார்த்துக்கொள்கிறார்கள். குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்.

கீஷிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த அந்த வியாபாரிகளில் தொழுகையாளிகள் இருந்திருப்பார்கள், ஹஜ் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். குதிரையின் நெற்றிமயிரில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸை அவர்கள் அறியாதவர்களா? போலோ கேள்விப்பட்டதை எழுதினார், எல்லா வியாபாரியும் அப்படி இருந்திருக்கமாட்டார் என்று வாதிடலாம். வாதிடத்தான் வேண்டும். ஆனால் 1,400 என்ற எண்ணைப் பெருமையாக மேற்கோள் காட்டுபவர், அடுத்த வருடமும் ஏன் 1,400 தேவைப்பட்டது என்றும் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். வாங்கியவன் ஏறுவதற்கு மட்டும் வாங்கினான். விற்றவன் விற்பதற்கு மட்டும் விற்றான். நடுவில் அந்தப் பிராணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒருவனும் இருந்ததாகத் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு காட்சி உண்டு. ஸூறா ஸாதின் 31 முதல் 33 வரையுள்ள ஆயத்துகள். ஒரு மாலைவேளை ஸுலைமான் (அலை) அவர்களுக்கு முன்னால் உயர்ந்த குதிரைகள் கொண்டுவந்து காட்டப்படுகின்றன. அவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள், திரை மறைக்கும்வரை. பிறகு திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் தடவத் தொடங்குகிறார்கள். அந்த ‘தடவல்’ என்ன என்பதில் முஃபஸ்ஸிர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அஸர் தொழுகை தவறிவிட்டது, அந்தத் துக்கத்தில் வாளால் வெட்டினார்கள் என்பது ஒரு சாரார். இப்னு அப்பாஸ் (றழி) வழியாக வரும் விளக்கம், அன்பினால் கையால் தடவினார்கள் என்பது. இமாம் தபரீ இந்த இரண்டாவதையே விரும்பினார். குற்றம் செய்யாத பிராணியை ஒரு நபி ஏன் வதைக்கப்போகிறார் என்பது அவருடைய நியாயம்.

எனக்கும் இரண்டாவதுதான் மனதுக்குப் பட்டது. என்றாலும் முதலாவது விளக்கத்தைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலும் ஓர் ஆபத்து உண்டு என்று அது எச்சரிக்கிறது. வக்து தவறிவிடலாம். ஏறாதவனின் சந்தோஷமும் மனிதனை அடிமையாக்கக்கூடியது. நம் நபி (ஸல்) அவர்கள் தமது குதிரையின் முகத்தை மேலாடையால் துடைத்துக்கொண்டிருந்ததைச் சிலர் கண்டு கேட்டபோது, குதிரைகள் விஷயமாக இரவு நான் கண்டிக்கப்பட்டேன் என்று பதில் சொன்னதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. முகம் துடைப்பது எத்தனை சின்ன வேலை.

இனி, ஏறாமல் வைத்திருப்பது சுலபமான வேலை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கூரைக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பசிக்காது. குதிரைக்குப் பசிக்கும். வயிறு சின்னது, நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருப்பதற்காகப் படைக்கப்பட்டது. ஒரே தடவையில் தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலியில் உருண்டு செத்தும் போகும். நம்மூர் வெக்கையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லீற்றர் தண்ணீர் வேண்டும். ஆறு எட்டுக் கிழமைக்கொருமுறை குளம்பு சீவவேண்டும். கூட்டமாக வாழும் பிராணி, தனியே நின்றால் ஏங்கும், குறைந்தது ஓர் ஆடாவது துணைக்கு வேண்டும். ஏறுவதில்லை என்றால் அதற்காகவே கூடுதலாக நடத்தவேண்டும், இல்லாவிட்டால் காயல் லாயத்துக் கதைதான். இருபத்தைந்து முப்பது வருடம் வாழும். அதன் முதுகெலும்பு முற்றிவர ஐந்தாறு வருடம் எடுக்கும், கிழப்பருவத்தில் மறுபடி பாரம் ஆகாது. ஆகவே ஏறுபவனும் தன் குதிரையின் ஆயுளில் கணிசமான பகுதி ஏறாத சொந்தக்காரனாகத்தான் இருந்தாகவேண்டும். ஏறமுடியாது போனதும் விற்றுத் தள்ளுபவனுக்குத்தான் அந்தக் காலம் கிடையாது.

இதை நம் சட்ட அறிஞர்கள் நன்றாகவே யோசித்திருந்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம், ஹிஜ்ரி 660இல் காலமானவர், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். முதலாவதே தீனிச் செலவு. மூப்பினாலோ நோயினாலோ ஒரு பயனும் இல்லாத நிலைக்கு அது வந்துவிட்டாலும் அந்தச் செலவு உடையவன் மீது கடமை என்று தெளிவாக எழுதுகிறார். நாங்கள் கரும்பலகையில் எழுதும் ‘பயன்கள்’ என்ற பகுதியை அழித்துவிட்ட பிறகும் மிச்சமிருக்கும் ஓர் உரிமையைப் பற்றி ஏழரை நூற்றாண்டுக்கு முன்பே ஓர் ஆலிம் எழுதிவைத்திருக்கிறார். டமஸ்கஸில் வேலைக்கு உதவாது என்று உடையவர்கள் கைவிட்ட பிராணிகள் சாகும்வரை மேய்வதற்கென்றே ஒரு பசும்புல்வெளி வக்ஃபாக இருந்தது என்று முஸ்தபா அஸ்ஸிபாஈ குறிப்பிடுகிறார்.

ஏறாத குதிரைகளைக் கூட்டமாகப் பார்க்க விரும்புபவர் நெடுந்தீவுக்குப் போகலாம். ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் அங்கே குதிரை வளர்த்தார்கள், லாயத்தின் கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சிகள் போய்விட்டன, குதிரைகளின் சந்ததி தங்கிவிட்டது. ஏறுபவரும் இல்லை, உடையவரும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றும்போது சாகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. திருகோணமலைக்காரருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத்து வீதியிலும் திரியும் புள்ளிமான்கள் இருக்கின்றனவே. அவற்றில் யாரும் பால் கறப்பதில்லை, யாரும் அறுப்பதில்லை. கடைக்காரர் வாழைப்பழத் தோல் போடுகிறார், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள், ஊருக்கே ஒரு ஸீனத். ஆனால் எல்லாருக்கும் அழகாயிருப்பது ஒருவருக்கும் பொறுப்பாக இல்லாததால், அவை குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்பதையும் நாமே பார்த்துக்கொண்டு போகிறோம். பார்த்து மகிழ்வதற்கும் தீனி போடுவதற்கும் இடையிலுள்ள கயிறு அங்கே இல்லை.

ஓர் ஆட்சேபம் மிச்சமிருக்கிறது, அதுதான் பாரமானது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது பயனில்லாத குதிரைக்குத் தீனி போடுவது எந்த நியாயம்? இதற்கு லேசான பதில் கிடையாது. ஸகாத்தும் அயலவனின் ஹக்கும் கொடுத்து முடியாத ஒருவர் குதிரை வாங்கப் போகக்கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். ஏறுவதற்கு வாங்கினாலும் அதே பதில்தான். ஏறிவிட்டதால் அயலவனின் பசி தீர்ந்துவிடாது. வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி அது. வாங்கி, கொட்டிலில் கட்டிய பிறகு கேட்டால், பட்டினி கிடக்கப்போவது குதிரையும் சேர்ந்துதான்.

2006 ஓகஸ்ட்டில் மூதூர் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தபோது மாடு, ஆடு, எருமை எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அந்த அவதிக்குள்ளும் பட்டிக்குத் திரும்பி ஓடிக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். சிலர் கயிற்றை அரிந்தே விட்டார்கள். அவர்களில் ஒருவர், பேர் வேண்டாம், பிறகு ஓர் ஆலிமிடம் மஸ்அலா கேட்டார். அவிழ்த்துவிட்ட மாட்டின் தீனிக்கு யார் பொறுப்பு, தன் பொறுப்பு முடிந்துவிட்டதா என்பது கேள்வி. மாட்டின் விலையைப் பற்றியோ நட்டஈட்டைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டால் உடைமை போய்விடாது, ஆனால் இயலாதவர் மீது குற்றமில்லை என்று ஆலிம் சொன்னாராம். வந்தவர் தலையாட்டிவிட்டு, அது இப்போது எங்கே தண்ணீர் குடிக்கும் என்று இன்னொரு கேள்வி கேட்டாராம்.